ஒன்றையும் பிடிக்காத நட்டு

இந்த நாற்காலியின் பின்கால் ஒன்று தளர்ந்திருக்கிறது ஐயா. உட்கார்ந்ததுமே தெரிந்துவிட்டது. ஒரு ஸ்குரூவை முடுக்கினால் சரியாகிவிடும், பெரிய வேலையில்லை, ஆனால் இந்தப் பொலிஸ் ஸ்டேஷனில் யாரும் செய்யமாட்டார்கள். இப்படியான சின்னக் குறைகளை வைத்துக்கொண்டு மனிதர்கள் எப்படித்தான் நிம்மதியாகக் காலம் தள்ளுகிறார்களோ, எனக்கு விளங்குவதில்லை. வீட்டில் எங்கேயாவது ஒரு பைப் சொட்டினால்கூட எனக்குச் சாப்பாடு இறங்காது. நான் எழுந்து நின்றே பேசட்டுமா? இன்றைக்கு என்னால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை.

நீங்கள் கேட்டது காரைப் பற்றி. அதை முழுசாகவே சொல்லிவிடுகிறேன். அதற்கு முன் ஒன்று, நுஸ்ரா கண் விழித்துவிட்டாளா? ஆஸ்பத்திரியிலிருந்து ஏதாவது தகவல்? இல்லையா. சரி. வந்தால் எனக்கும் சொல்லுங்கள். விழித்ததும் அவள் முதலில் என்ன பேசுகிறாள் என்பது எனக்குத் தெரிய வேண்டும்.

என் பெயர் இப்திகார். மாத்தளை டவுனில் எலக்ட்ரிக் சாமான் கடை வைத்திருக்கிறேன். நுஸ்ரா என் மனைவி நிப்லாவுடைய தம்பி அஸ்ஹரின் மனைவி. அஸ்ஹர் போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மறுநாள், ரிவஸ்டன் மலைக்குக் குடும்பத்தோடு போன இடத்தில், இதே காருக்குள் தூங்கியபடி மவுத்தானான். மாரடைப்பு என்று நம்பி அடக்கினோம். நம்பியது வீட்டார். நேற்றுக் காலை நுஸ்ரா அதே காரை ஓட்டிக்கொண்டு, நாவுலவில் தான் படிப்பிக்கிற ஸ்கூலுக்குப் போனாள். வழியில் மயங்கிவிட்டாள், கார் ரோட்டை விட்டு வயலுக்குள் இறங்கிவிட்டது. வயலில் நின்ற ஆட்கள் கதவைத் திறந்து தூக்கியிருக்கிறார்கள். இரத்தத்தைச் சோதித்த டாக்டர், இந்தப் பிள்ளை எங்கே இவ்வளவு புகையைச் சுவாசித்தது என்று கேட்டாராம். அந்தக் கேள்விதான் என்னை இங்கே கொண்டுவந்திருக்கிறது.

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் நிப்லாவின் வீட்டில்தான் இருக்கிறேன். எங்கள் ஆட்களில் அதுதான் வழக்கம், பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய் இருப்பான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் மாமனார் கட்டிய வீட்டில் காலை நீட்டிப் படுக்கிறவன் ஏதாவது ஒரு விதத்தில் அந்த வீட்டுக்குத் தேவைப்பட வேண்டும். நான் தேவைப்பட்டேன். தண்ணீர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டுவது நான், வாஷிங் மெஷினைத் திறப்பது நான், கூரை ஒழுகினால் ஏறுவது நான். யாராவது வெளியிலிருந்து மெக்கானிக் பாஸைக் கூப்பிடப் போனால் மாமி மஸீனா தடுத்துவிடுவார். "எங்கட மருமகன் இருக்காருதானே, அவர்ட கை பட்டா எல்லாம் சரியாகும்" என்பார். அதைக் கேட்கும்போது எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவும். என் வாப்பா, உம்மா ஒருநாளும் என்னைப் பற்றி அப்படிச் சொன்னதில்லை. அதை இழப்பதற்கு நான் தயாராக இருக்கவில்லை.

அஸ்ஹர் நல்ல பிள்ளை. அதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள். கத்தாரில் வேலை செய்துவிட்டு வந்து, ஒரு பழைய ஜப்பான் காரை வாங்கினான். அவன் இருந்தது நுஸ்ராவின் வீட்டில், எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே கார் நிறுத்த இடமில்லாததால் அது எங்கள் போர்ட்டிகோவில்தான் நின்றது. என்னை அவன் "இஞ்சினியர் மச்சான்" என்று கூப்பிடுவான். பகிடியும் பாசமும் கலந்த அழைப்பு. எந்த நாளில் எது கூட என்று நான் கணக்குப் பார்ப்பதுண்டு.

அவனுக்குச் சத்தம் வேண்டும். கார் வருவது பள்ளிவாசல் சந்தியிலேயே கேட்க வேண்டும். கொழும்பில் வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தைக்குப் போய் மினுமினுவென்று ஒரு செட் குழாய் வாங்கி வந்தான். பின்னால் தெரிகிற சைலன்சரை மட்டும் மாற்றுவதென்றால் ஒன்றுமில்லை. அவன் வாங்கி வந்தது இஞ்சினிலிருந்தே தொடங்குகிற முழு செட். இஞ்சினின் தலைப்பாகம், அதை ஹெட் என்போம், அதிலிருந்து வெளிவருகிற புகையை வாங்கிக்கொள்கிற பழைய இரும்பைக் கழற்றி, புதிதைப் பூட்ட வேண்டும்.

"மச்சான், இத டிலக்சன்ட கராஜ்ல குடுப்பமா? அவன்ட்ட லிப்டும் இருக்கு, ஆளும் இருக்கு" என்று அவன் கேட்கத்தான் செய்தான்.

"எதுக்கு? நான் வீட்லதானே இருக்கேன்" என்றேன்.

அந்த இரும்பைப் பிடித்திருக்கிற ஸ்டட்கள், அதாவது ஹெட்டுக்குள் இறங்கியிருக்கிற ஆணிகள், வருஷக்கணக்கில் சூட்டில் வெந்து துருப்பிடித்து ஒட்டிப்போயிருக்கும். எண்ணெய் அடித்து ஒரு இரவு ஊற விட வேண்டும், பிறகு சூடு காட்டி மெதுவாக அசைக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததில்லை. கடைக்கு வருகிறவர்களுக்கு நானே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அஸ்ஹர் போனைத் தூக்கிப் பிடித்து வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். கத்தாரில் இருக்கிற கூட்டாளிகளுக்கு அனுப்பப் போகிறானாம். "பாருங்க, எங்கட இஞ்சினியர் மச்சான் கைய வச்சிட்டார்" என்று பின்னணி வேறு. நிப்லா ஜன்னலில் நின்று சிரித்தாள். மாமா ஸக்கரியா ஹாஜியார் கதிரையைப் போர்ட்டிகோவுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, எண்ணெய் அடித்தாயிற்று, இனி நாளைக்கு வாருங்கள் என்று எந்த மனிதனால் சொல்ல முடியும்? ஸ்பெனரை மாட்டி ஒவ்வொன்றாகத் திருப்பினேன். முதலாவது வந்தது. அடுத்ததும் வந்தது. நல்ல பெயர் எடுத்துக்கொண்டே போனேன்.

ஓரத்து ஸ்டட் இறுகியிருந்தது. அந்த நேரம் பார்த்து மாமி டீக்குக் கூப்பிட்டார், எல்லோரும் உள்ளே போனார்கள். நான் ஸ்பெனரில் ஒரு நீளக் குழாயைச் செருகி முழுப் பலத்தையும் கொடுத்தேன். டக்கென்று ஒரு சத்தம். கை இலேசாகிவிட்டது. நட்டோடு பாதி ஸ்டட் என் கையில், மீதிப் பாதி ஹெட்டுக்குள். உடனே டிரில்லை எடுத்தேன். மிச்சத்தைத் துளைத்து எடுத்துவிடலாம், யாருக்கும் தெரியாது என்ற நினைப்புத்தான். அவசரத்தில் டிரில் வழுக்கிக் கோணலாக இறங்கியது. ஹெட்டின் ஓரத்தில் மயிரளவு ஒரு வெடிப்பு ஓடியது. அந்த இடத்தில் இனி எந்த ஸ்டட்டும் பிடிக்காது. இவ்வளவும் டீ ஆறுவதற்குள் நடந்துவிட்டது.

உள்ளேயிருந்து அஸ்ஹர் கேட்டான். "என்ன சத்தம் மச்சான், எதும் ஒடஞ்சதா?"

"இல்ல" என்றேன்.

ஐயா, நான் செய்த பிழை என்று நீங்கள் எதையாவது எழுத வேண்டுமென்றால் அந்த ஒரு சொல்லை எழுதுங்கள். அதற்குப் பிறகு செய்ததெல்லாம் அந்தச் சொல்லைக் காப்பாற்றுவதற்காகச் செய்தது. முறையான வழி என்ன என்று எனக்குத் தெரியும். ஹெட்டைக் கழற்றி லேத்துக்குக் கொண்டுபோக வேண்டும், வெல்ட் பிடித்துப் புதுப் புரி வெட்ட வேண்டும். டிலக்சன் முணுமுணுத்துக்கொண்டு செய்து கொடுத்திருப்பான். அஸ்ஹரும் திட்டியிருக்க மாட்டான். சிரித்திருப்பான். பெருநாளுக்குப் பெருநாள் குடும்பம் கூடும்போதெல்லாம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரித்திருப்பான்.

சைலன்சர் புட்டி என்று ஒரு சாமான் இருக்கிறது, ஓட்டைக் குழாய்களை அடைப்பதற்கு. களிமண் போல இருக்கும், சூடேறினால் கல்லாகும். அதை அந்தத் துளையிலும் வெடிப்பிலும் திணித்துப் பூசினேன். புது இரும்பைப் பூட்டி, முறிந்த ஸ்டட்டை நட்டோடு சேர்த்து, இருந்த இடத்திலேயே புட்டிக்குள் அழுத்தி நிறுத்தினேன். துணியால் துடைத்ததும் மற்ற நட்டுகளுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியவில்லை. அந்த நட்டு அங்கே எதையும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. பார்வைக்கு மட்டும்தான். வேலை சுத்தமாக இருந்தது என்பதில் எனக்கு ஒரு திருப்தி இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

சாதாரணக் காராக இருந்தால் அந்த இடத்தில் புகை கசியும்போது டிக் டிக் என்று சத்தம் வரும், சின்னப் பிள்ளைக்கும் கேட்கும். ஆனால் புதுக் குழாய் போட்ட முழக்கத்தில் அது அமுங்கிப்போயிற்று. அஸ்ஹர் ஆசைப்பட்டுக் கேட்ட சத்தமே என் கசிவை மூடிவிட்டது. அவன் ஸ்டார்ட் பண்ணி, ஆக்சிலேட்டரை மிதித்து, இறங்கி வந்து என்னைக் கட்டிப்பிடித்தான். "மச்சான்ட கைக்கு மோதிரம் போடணும்" என்றான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. உண்மையாகவே கலங்கியது.

அன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு, நன்றாக ஓடுகிறதா என்று பார்க்க நான் மட்டும் அலுவிகாரைப் பக்கம் ஒரு ஓட்டம் போய் வந்தேன். ஏசியைப் போட்டுக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தேன். திரும்பி வரும்போது நெற்றிப்பொட்டு இரண்டும் தெறித்தது, வயிற்றைப் பிரட்டியது. புதுக் குழாயில் பூசியிருக்கிற எண்ணெய் எரிகிற வாசனை என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் அதே ரோட்டில், கண்ணாடிகளை இறக்கிவிட்டு ஓட்டினேன். ஒன்றும் செய்யவில்லை. பொனட்டுக்குள் கசிகிற புகை காற்றுத் துவாரம் வழியாக உள்ளே இழுபடுகிறது என்பது அப்போது எனக்குத் தெளிவாகிவிட்டது. ஆனால் இன்னொன்றும் தெளிவானது, கண்ணாடியை இறக்கினால் ஆபத்தில்லை. ஊரில் பாதிப்பேர் கண்ணாடியை இறக்கித்தானே ஓட்டுகிறார்கள்.

இல்லை ஐயா, தண்ணீர் வேண்டாம். அந்த ஜன்னலைத் திறக்கலாமா? இந்த அறையில் காற்றே இல்லை.

பெருநாளுக்கு மறுநாள் ரிவஸ்டன் பயணம். ஒரு ஹயர் வேனும் இந்தக் காரும். பிள்ளைகளுக்கு இந்தக் காரின் சத்தம் என்றால் உயிர், எல்லோரும் அதற்குள் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். நான் ஒவ்வொருவராக இறக்கினேன். என் மகள் றுஸ்னா, அஸ்ஹரின் மகள் ஹமீமா, யாரையும் விடவில்லை. பிள்ளைகள் எல்லோரும் வேனில் ஒன்றாக இருந்தால்தான் சந்தோஷம் என்று சொன்னேன். நிப்லா பின்சீட்டில் ஏறப் போனாள், அவளையும் கையைப் பிடித்து வேனுக்குக் கூட்டிவந்தேன்.

"ஏன் இந்தக் கார்ல யாரயும் ஏற விட மாட்டேங்கிறீங்க?" என்று நிப்லா கேட்டாள்.

"வளைவுல புள்ளைகள் சத்தி எடுக்கும். நீயும் எடுப்பாய்."

அவள் சால்வையைச் சரிசெய்துகொண்டு வேனில் ஏறினாள். ஆகவே காரில் போனது அஸ்ஹரும் நுஸ்ராவும் மட்டும்தான். பாருங்கள், நான் யோசிக்காமல் நடக்கிற ஆள் இல்லை. புறப்படும்போது அஸ்ஹரிடம், "கண்ணாடிய இறக்கிட்டுப் போ, மலைக்காத்து நல்லம்" என்றும் சொன்னேன். பெரிய ஆட்களுக்கு அதற்கு மேல் என்ன சொல்வது? ஆனால் ரிவஸ்டன் உங்களுக்குத் தெரியும்தானே. அந்த மாதத்தில் காற்று ஆளைத் தள்ளும், மூட்டம் வந்து முகத்தில் ஈரமாக ஒட்டும். லக்கல ரோட்டில் மேலே ஏற ஏற எந்த மனிதனும் கண்ணாடியை ஏற்றத்தான் செய்வான். அது எனக்கும் தெரிந்ததுதான்.

அவர்கள் எங்களுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். நாங்கள் வேனிலிருந்து இறங்கும்போது நுஸ்ரா ரோட்டோரம் குந்தியிருந்து சத்தி எடுத்துக்கொண்டிருந்தாள். தலை வெடிக்கிறது என்றாள். வளைவும் பெருநாள் அலுப்பும் என்று மாமி அவள் முதுகைத் தடவினார். கொஞ்சம் காற்றில் நடந்ததும் சுகமாகிவிட்டது. அஸ்ஹர் குளிருக்குக் காரை விட்டு இறங்கவில்லை. இஞ்சினை ஓடவிட்டு, சீட்டைச் சாய்த்துப் படுத்திருந்தான். நாங்கள் சாப்பாட்டுப் பார்சல்களைப் பிரித்தோம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மேலே காற்றாடும் இடம் வரை நடந்தோம், படம் எடுத்தோம். திரும்பி வந்து கதவைத் திறந்தபோது அவன் முடிந்திருந்தான். மாமி விழுந்து அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். மையித்தை வைத்துக்கொண்டிருக்க மாட்டோம், எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக அடக்க வேண்டும். வெட்டுவது என்ற சொல்லையே வீட்டார் தாங்கமாட்டார்கள். மரண விசாரணைக்கு வந்தவர் நல்ல மனிதர். இறந்தவர் இளவயது ஆள், பிரேதப் பரிசோதனை செய்தால் நல்லது என்று இழுத்தார். வீட்டில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள், பேசுகிற நிலையில் இருந்தது நான் ஒருவன்தான். கத்தாரில் இருந்தபோதே அவனுக்கு நெஞ்சுவலி வந்திருக்கிறது, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறான் என்றேன். அப்படியொன்றும் இல்லை. அவனுக்கு ஒரு காய்ச்சல் வந்ததாகக்கூட எனக்கு ஞாபகமில்லை. ஆனால் மாமா ஸக்கரியா ஹாஜியார் என் இரண்டு கையையும் பிடித்து, "மகன், நீங்க இல்லாட்டி என்ட புள்ளயக் கூறு போட்டிருப்பாங்க" என்று அழுதார். பொழுது படுமுன், மஃரிப் தொழுகைக்கு முன் அடக்கிவிட்டோம். கபுறுக்குள் இறங்கி மையித்தை வாங்கிக் கிடத்தியவர்களில் நானும் ஒருவன். அவன் கனமாக இருந்தான்.

நுஸ்ரா இத்தாவில் இருந்தாள், புருஷன் மவுத்தானால் எங்கள் பெண்கள் வெளியே போகாமல் வீட்டுக்குள் இருக்கிற காலம். அந்த மாதங்கள் முழுக்க கார் எங்கள் போர்ட்டிகோவில் உறைபோட்டு நின்றது. நீங்கள் கேட்க நினைப்பது விளங்குகிறது. யாரும் தொடாத கார், கையில் சாவி, தேவையான நேரம், அப்போதாவது சரியாகச் செய்திருக்கலாமே என்று. எனக்கும் அந்த நினைப்பு வராமல் இல்லை. உட்கார முடியாது, படுக்க முடியாது, கடையில் ஆள் பேசிக்கொண்டிருக்கும்போது என் மனம் அந்தப் பொனட்டுக்குக் கீழே இருக்கும். உறையைத் தூக்குவேன், பார்ப்பேன், மூடுவேன். ஆனால் ஹெட்டைக் கழற்றினால் லேத்துக்குப் போக வேண்டும், லேத்துக்காரன் டிலக்சனுக்குச் சொல்வான், டிலக்சன் ஊருக்குச் சொல்வான். செத்தவனின் காரில் ஒரு போலி நட்டு இருந்தது என்று தெரிந்தால், மாமா என் கையைப் பிடித்து அழுதாரே, அந்தக் கையை என்ன செய்வார்? அதனால் வெடித்த புட்டியைச் சுரண்டிவிட்டு மறுபடி பூசினேன். அது காய்ந்து வெடித்ததும் திரும்பவும் பூசினேன். ஒவ்வொரு முறையும் முன்னதைவிட நன்றாகவே பூசினேன்.

இத்தா முடிந்ததும் நுஸ்ரா சாவி கேட்டாள். அஸ்ஹர் வெளிநாட்டில் இருந்த காலத்திலேயே அவள் லைசன்ஸ் எடுத்தவள். என்னை அண்ணன் முறையில் நானா என்றுதான் கூப்பிடுவாள். "நானா, பஸ்ல இடிபட்டுப் போக எனக்கு இப்ப ஏலாது. அவர்ட காரு, அதுல இருந்தா அவரோட இருக்கிற மாதிரி" என்றாள். பாவமாக இருந்தது. நானே காரைக் கழுவி, பெற்றோல் அடித்து, அவள் வாசலில் கொண்டுபோய் நிறுத்திக் கொடுத்தேன். ஹமீமாவை ஸ்கூலுக்கு என் பைக்கில் ஏற்றிப்போகிறேன் என்று பொறுப்பெடுத்துக்கொண்டேன். தகப்பனில்லாத பிள்ளை அல்லவா. நுஸ்ராவிடம் கண்ணாடியை இறக்கித்தான் ஓட்ட வேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவளுக்கு அடிக்கடி தலைவலி வந்தது. அழுகிற பெண்ணுக்குத் தலைவலி வருவது சாதாரணம்தானே. நேற்று மழை. மழையில் யார் கண்ணாடியை இறக்குவார்கள்? அந்த ஒன்றை நான் கணக்கில் எடுக்கவில்லை. இல்லை, எடுத்தேன். காலையில் மழை பிடித்தபோது போர்ட்டிகோவில் நின்று அந்தச் சத்தம் ரோட்டில் போய் மறைவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பிறகு ஹமீமாவுக்கு மழைக்கோட்டைப் போட்டுவிட்டேன்.

போன் உங்களுக்குத்தான் ஐயா. எடுங்கள்.

விழித்துவிட்டாளா? அல்ஹம்துலில்லாஹ். சந்தோஷம் ஐயா. சந்தோஷமாகத்தான் இருக்கிறது. பேசினாளா? என்ன சொன்னாளாம்?

அப்படியா. "அவர நான் எழுப்பியிருக்கணும்" என்றா. அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறாளா.

அது புதிதில்லை ஐயா. அடக்கிய நாளிலிருந்து அவள் வாயில் அந்தப் பேச்சுத்தான். இத்தாவில் இருக்கும்போது அந்நிய ஆண்கள் அவளைப் பார்க்கக் கூடாது, நான் திரைக்கு வெளியே நின்றுதான் ஆறுதல் சொல்வேன். "நீங்க எழுப்பாதது பிழை இல்ல நுஸ்ரா, எல்லாம் அல்லாஹ்ட நாட்டம், மனசப் போட்டு அலட்டிக்காதீங்க" என்பேன். உள்ளேயிருந்து விசும்புவாள். தன்னால்தான் அவன் போனான் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். நான் அதை மாற்றப் போகவில்லை. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பற்றிக்கொள்ள ஏதாவது ஒன்று வேண்டும்.

அவள் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்றா கேட்கிறீர்கள்? அவள் எப்படியும் சொல்லத்தான் போகிறாள். நான் சொல்வதுதான் சரி.

மேலே நடக்கப் புறப்படும் முன் நான் தனியாகக் காருக்குப் போனேன். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, கண்ணாடிகள் ஏறியிருந்தன. குனிந்து பார்த்தேன். அஸ்ஹரின் முகம் நன்றாகச் சிவந்து, நல்ல நித்திரையில் இருக்கிற பிள்ளையின் முகம்போல இருந்தது. கன்னம் கண்ணாடியில் சாய்ந்திருந்தது. அவன் வாய்க்கு நேரே கண்ணாடியில் மூச்சு வெள்ளையாகப் படியும், மறையும், கொஞ்சம் தாமதித்து மறுபடி படியும். கதவு பூட்டியிருக்கவில்லை. கைப்பிடியில் கை வைத்தேன். திறந்தால் அவனை வெளியே இழுத்துப் போட வேண்டும், எல்லோரும் ஓடி வருவார்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவார்கள், ஏன் இப்படி ஆயிற்று என்று கேட்பார்கள், யாராவது பொனட்டைத் திறப்பார்கள். கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பினால் நுஸ்ரா நிற்கிறாள், கையில் பிளாஸ்கிலிருந்து ஊற்றிய பிளேன்டீ. "இவர எழுப்பி இதக் குடுக்கிறேன் நானா, எனக்கு மாதிரி இவருக்கும் தலவலியாக்கும்" என்றாள். நான் கதவுக்கும் அவளுக்கும் நடுவில் நின்றேன். "விடுங்க, அவன் தூங்கட்டும்" என்றேன். அவள் எட்டிப் பார்த்தாள், "பாவம், அலுப்பு" என்று சொல்லி, அந்த டீயை என்னிடம் தந்துவிட்டுப் பிள்ளைகளோடு நடந்தாள். நான் அதைக் குடித்தேன். குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றேன். மூச்சு படிந்துகொண்டுதான் இருந்தது, ஆனால் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே போனது. பிறகு நானும் அவர்களோடு மேலே நடந்தேன்.

எழுதிவிட்டீர்களா? இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்த நேரம் எழுப்பியிருந்தால் அவன் மண்டை பிளக்கிற தலைவலியோடுதான் எழும்பியிருப்பான், அந்த வேதனையை எப்படி அந்தப் பிள்ளைக்குக் கொடுப்பது?